மனநிலையின் வட்டமும் மெய்ப்பாட்டின் நிலைக்களனும்

துயருற்ற ஒருவரிடம் ‘இப்போது எப்படி இருக்கிறீர்கள்?’ என்று வினவுவது ஒன்று. ‘உங்களுக்கு என்ன நேர்ந்தது?’ என்று வினவுவது மற்றொன்று. அன்றாடப் பேச்சில் இவ்விரண்டும் கலந்தே வருகின்றன. உளவியல் துறையிலோ முதல் வினா கடந்த நூற்றாண்டில் நுட்பமான ஓர் அளவை முறையாக வளர்ந்தது. மனநிலைக்கு அச்சுகள் வரையப்பட்டன, வட்டங்கள் அமைக்கப்பட்டன, எண்கள் இடப்பட்டன. மேய்ப்புப்பணிப் பயிற்சி பெறும் மாணவர் கைகளிலும் இவ்வளவைத் தாள்கள் இன்று வந்து சேர்ந்துள்ளன. இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் துறைமுக, ஆலைப் பகுதியில் ஆயர் பணி புரிவோர்க்கு இவை எவ்விடத்தில் உதவும், எவ்விடத்தில் உதவாமற்போகும் என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். ஆய்வுக்குத் துணையாக, தமிழிலேயே உள்ள பழைய உணர்ச்சிப் பகுப்பாகிய தொல்காப்பிய மெய்ப்பாட்டியலையும் எடுத்துக்கொள்கிறோம்.

1. வட்டம் தோன்றிய வரலாறு

1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியல் ஆய்வுக்கூடம் நிறுவிய வில்ஹெல்ம் வுண்ட், உணர்வுகளை மூன்று கோடுகளில் வைத்து நோக்கினார்: இன்பமும் துன்பமும், கிளர்ச்சியும் அமைதியும், இறுக்கமும் தளர்வும். பின்வந்தோருள் பலர் இரண்டு கோடுகளே போதும் என்று கருதினர். 1980இல் ஜேம்ஸ் ரஸ்ஸல் என்பார் உணர்வைக் குறிக்கும் 28 ஆங்கிலச் சொற்களை மக்களிடம் தந்து, அவற்றைப் பொருளொற்றுமை நோக்கி வகைப்படுத்தச் செய்தார். அச்சொற்கள் ஏறக்குறைய ஒரு வட்டத்தின் விளிம்பில் அமைந்தன. வட்டத்தின் குறுக்கே செல்லும் கோடு துன்பத்திலிருந்து இன்பத்துக்குச் செல்வது. நெடுக்கே செல்லும் கோடு சோம்பலிலிருந்து கிளர்ச்சிக்கு ஏறுவது. அச்சமும் சினமும் துன்பப் பக்கத்தின் மேற்பகுதியில் நிற்கும். சோர்வும் துயரமும் அதே பக்கத்தின் கீழ்ப்பகுதியில் நிற்கும். உற்சாகம் இன்பப் பக்கத்தின் மேலும், நிம்மதி அதன் கீழும் அமையும்.

1985இல் டேவிட் வாட்சன், ஆக் டெலிகன் இருவரும் அதே வெளியை வேறு கோணத்தில் திருப்பி நோக்கினர். அவர்கள் கொண்ட அச்சுகள் ஆக்க உணர்வு, எதிர் உணர்வு என்னும் இரண்டு. 1988இல் லீ ஆன்னா கிளார்க்கும் சேர்ந்து இவர்கள் வெளியிட்ட அளவைத் தாள் ‘பானாஸ்’ என்னும் பெயரால் உலகெங்கும் வழங்குகிறது. அதில் இருப்பவை 20 சொற்கள்: ஆக்க உணர்வுக்குப் பத்து, எதிர் உணர்வுக்குப் பத்து. விடையளிப்பவர் ஒவ்வொரு சொல்லுக்கும் 1 முதல் 5 வரை ஓர் எண்ணைக் குறிப்பார். கூட்டினால் 10க்கும் 50க்கும் இடையே அமைந்த இரண்டு தொகைகள் கிடைக்கும்.

இவ்வாறு அச்சிட்டு அளப்பதை ஒப்பாதாரும் உளர். பால் எக்மன் சினம், அச்சம், அருவருப்பு, மகிழ்ச்சி, துயரம், வியப்பு என்னும் ஆறும் மனித இனம் முழுமைக்கும் பொதுவான அடிப்படை உணர்ச்சிகள் என்றார். ராபர்ட் புளுட்சிக் 1980இல் எட்டு உணர்ச்சிகளை மலரிதழ்போல் அடுக்கி ஒரு சக்கரம் வரைந்தார். லிசா ஃபெல்ட்மன் பாரெட் 2017இல் வெளியிட்ட நூலில், உணர்ச்சிகள் பிறவியிலேயே அமைந்த தனித்தனிப் பொறிகள் அல்ல; உடலின் நிலையை, தான் கற்ற சொற்களையும் பண்பாட்டையும் கொண்டு மூளையே பொருள்படுத்திக் கட்டுகிறது என்று வாதிட்டார். இவ்வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. ஆயினும் இரு அச்சுகளுக்கு வலுவான சான்று ஒன்று உண்டு. 2019இல் 2,474 மொழிகளின் உணர்ச்சிச் சொற்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, அச்சொற்களின் பொருள் மொழிக் குடும்பந்தோறும் பெரிதும் வேறுபடுவதைக் காட்டியது. அவ்வளவு வேறுபாட்டுக்கும் நடுவே, இன்பமா துன்பமா என்பதும் எவ்வளவு கிளர்ச்சி என்பதுமே பொதுவாக நின்றன. ஆகவே இவ்வட்டத்தை மேனாட்டார் கற்பனை என்று தள்ளிவிட இயலாது.

2. வட்டம் நமக்குக் கற்பிப்பது

குறை கூறுமுன் பயனைக் கூறுவதே நெறி. வட்டத்தின் கீழ்ப்பாதியைப் பாருங்கள். நிம்மதியும் அங்கே இருக்கிறது. ஊக்கமிழந்த வெறுமையும் அங்கே இருக்கிறது. இரண்டிலும் கிளர்ச்சி குறைவு. வெளித்தோற்றத்தில் இரண்டும் அமைதியே. கணவனைக் கடலில் இழந்த பெண்ணொருத்தி மூன்று மாதம் கதறியழுதபின் ஒருநாள் அழுகையை நிறுத்திவிடுகிறாள். எவரோடும் சண்டையில்லை, கேள்வியில்லை. ஆராதனையில் பின்வரிசையில் வந்து அமர்ந்து போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ‘ஆறுதல் அடைந்துவிட்டாள்’ என்று சபையார் மகிழ்வர். அவள் வட்டத்தின் வலக்கீழ்ப் புறத்தில் இருக்கிறாளா, இடக்கீழ்ப் புறத்தில் இருக்கிறாளா என்று எவரும் கேட்பதில்லை.

கிளார்க்கும் வாட்சனும் 1991இல் எடுத்துரைத்த கருத்து இங்கே உதவுகிறது. பதற்ற நோயிலும் மனச்சோர்வு நோயிலும் எதிர் உணர்வு மிகுந்திருக்கும். ஆக்க உணர்வு வற்றிப்போதலோ மனச்சோர்வு நோய்க்கே சிறப்பாக உரியது. துன்பம் மிகுதல் வேறு, இன்பத்தின் ஊற்று அடைபடுதல் வேறு என்பது இதன் சாரம். அழாதவரையும் சினவாதவரையும் கண்டு நாம் மகிழ்ந்துவிடலாகாது என்னும் எச்சரிக்கையை இவ்வட்டத்தினின்றே பெறுகிறோம்.

மனநிலை சில வேளை காரணத்தினின்று கழன்றுகொள்ளும் என்பதும் இதனால் தெளிவாகிறது. கடல் தன் வரம்பில் நிற்கிறது, வீட்டில் குறைவில்லை, பிள்ளைகள் நலம். ஆயினும் ஒருவருக்குப் பொழுது விடிவதே பாரமாக இருக்கிறது. அவரிடம் காரணத்தைத் துருவுவதும், காரணம் கிடைக்காதபோது மறைந்த பாவத்தைத் தேடுவதும் கொடுமை. அவரை ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்வதே அன்பின் செயல். ‘கீழ்ப்பாக்கம்’ என்னும் ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கும் நகரத்தில், ஆயர் உடன்வந்து மருத்துவரின் வாயிலில் காத்திருப்பது தானே ஒரு சாட்சியாகும்.

3. வட்டத்தில் விழாதவை

முதலாவதாக, வட்டத்தில் மகிழ்ச்சியும் துயரமும் எதிரெதிர்ப் புறங்களில் நிற்கின்றன. ஒன்று கூடினால் மற்றது குறையவேண்டும். வடசென்னையின் மரண கானா இக்கணக்குக்குள் அடங்குவதில்லை. இறந்தவரின் உடலருகே இரவு முழுதும் பாடுவோர் அவர் வாழ்ந்த வாழ்வை, அவருடைய வேடிக்கைகளையும் விடாமல், எடுத்துரைக்கின்றனர். கேட்போர் ஒரே வேளையில் சிரிக்கவும் அழவும் செய்கின்றனர். உளவியலாருள்ளும் இதனைக் கண்டவர் உண்டு. 2001இல் லார்சன், மெக்ரா, கசியோப்போ மூவரும் ஒருவர் ஒரே வேளையில் மகிழவும் வருந்தவும் கூடுமோ என்று ஆராய்ந்து, சில சூழல்களில் கூடும் என்னும் முடிவுக்கு வந்தனர். அவர்கள் எடுத்துக்கொண்ட சூழல்களுள் ஒன்று பட்டமளிப்பு நாள். அவர்கள் பட்டமளிப்பில் கண்டதை இராயபுரத்தார் இழவு வீட்டிலேயே கண்டிருக்கின்றனர்.

இரண்டாவதாக, பானாஸ் தாளின் சொற்களையே நோக்குவோம். எதிர் உணர்வுக்குரிய பத்தில் அச்சம், நடுக்கம், வெட்கம், குற்றவுணர்வு, பகைமை, எரிச்சல் ஆகியன உண்டு. ‘துயரம்’ என்று நேராகக் குறிக்கும் எளிய சொல் அப்பத்தில் இல்லை. அளவையின் கணக்கு நோக்கில் இதற்குத் தக்க காரணம் உண்டு: துயரம் இரு அச்சுகளுக்கும் இடைப்பட்ட நிலமாதலின், ஓர் அச்சினை மட்டும் தூய்மையாக அளக்க அது உதவாது. 1994இல் விரிவாக்கப்பட்ட தாளில் துயரத்துக்குத் தனிப் பகுதியும் தரப்பட்டது. எனினும் பெருவழக்காயுள்ள சிறிய தாளை இழவு வீட்டுக்கு எடுத்துச் செல்பவர், அதில் துயரமே கேட்கப்படவில்லை என்பதை அறிந்திருக்கவேண்டும்.

மூன்றாவதே முதன்மையானது. இத்தாளின் தொகையில் காரணம் இல்லை. எண்ணூரை எடுத்துக்கொள்வோம். 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், கொசஸ்தலை ஆற்றின் வழியே கழிமுகத்தில் பரவி வலைகளையும் படகுகளையும் கறையாக்கியது. அம்மாதமே 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி உறக்கத்தினின்று எழுந்தோடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 2004இல் ஆழிப்பேரலை வந்ததும் டிசம்பர் 26ஆம் நாளே என்பதை அக்கரையோரம் மறந்திருக்க முடியாது. இதன்பின் மீனவ ஊர்களின் மக்கள் ஆலையை மூடக் கோரி நாட்கணக்கில் போராடினர்.

இப்போது மூவரைக் கற்பனை செய்வோம். ஒருவர் எண்ணெயால் வலையிழந்தவர்; ஒருவர் உடன்பிறந்தானைக் கடலுக்குக் கொடுத்தவர்; ஒருவர் காரணமின்றியே பதற்றத்தால் உறக்கமிழந்தவர். மூவரும் பானாஸ் தாளை நிரப்ப, மூவருக்கும் எதிர் உணர்வு 38 என்று வருகிறது. எண் பொய்யன்று, மூவரும் துன்புறுகின்றனர். ஆனால் முதலாமவருக்கு வேண்டியது இழப்பீடும் நீதியும்; இரண்டாமவருக்கு வேண்டியது உடனிருந்து அழும் துணை; மூன்றாமவருக்கு வேண்டியது மருத்துவம். எண்ணை மட்டும் கண்டவர் மூவர்க்கும் ஒரே மூச்சுப் பயிற்சியைக் கற்பிப்பார். அவரிடம் மூன்று மாதத்தில் 38 என்பது 25 ஆகக் குறைந்தால் அது வெற்றி. கழிமுகத்தில் எண்ணெய் அப்படியே இருக்க, வலையிழந்தவரின் எண் மட்டும் குறைந்தால், அதற்கு நலம் என்று பெயரிடுவதா, பழகிப்போதல் என்று பெயரிடுவதா?

வடசென்னைப் பேச்சில் ‘வயிற்றெரிச்சல்’ என்றொரு சொல் உண்டு. அதனைப் பொறாமை என்று மட்டும் கொள்வோர் அதன் பாதியையே அறிந்தவர். தனக்குரியதைப் பிறர் பறித்துக்கொள்ள, தடுக்க வலியற்று நிற்பவரின் உள்ளத்தில் துயரமும் சினமும் ஒன்றாய்க் கனல்வதையும் அச்சொல் குறிக்கும். வட்டத்தில் சினம் மேலே, துயரம் கீழே. இதனை எங்கே வைப்பது? மேலும், ‘வயிறு எரிகிறது’ என்பவர் தம் நிலையை மட்டும் அறிவிக்கவில்லை. அநீதி நடந்தது என்று முறையிடுகிறார். முறையீட்டை அளவையால் அளக்க முடியாது. அது மெய்யா என்று விசாரிக்கத்தான் முடியும்.

நேர்மையின் பொருட்டு ஒன்று கூறவேண்டும். ரஸ்ஸலே 2003இல் எழுதிய கட்டுரையில், தாம் அளப்பது உணர்ச்சிக்கு அடித்தளமான பொதுநிலையே என்றும், முழு உணர்ச்சியில் அது எதனைப் பற்றியது என்பதும் அடங்கும் என்றும் பிரித்துரைத்தார். ஆகவே வழு வட்டத்தை வரைந்தவருடையதன்று. அடித்தளத்தை அளந்துவிட்டு வீடு முழுவதையும் அளந்ததாக எண்ணிக்கொள்வோருடையதே.

4. தொல்காப்பியர் கண்ட நிலைக்களன்

பொருளதிகாரத்தின் ஆறாவது இயலாகிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. சிரிப்பாகிய நகையும் மகிழ்ச்சியாகிய உவகையும், அழுகையும் அச்சமும், சினமாகிய வெகுளியும் வியப்பாகிய மருட்கையும், தாழ்வுணர்வாகிய இளிவரலும் நிமிர்வாகிய பெருமிதமும் அவை. எட்டு என்னும் எண்ணைக் கண்டவுடன் புளுட்சிக்கின் எட்டோடு ஒப்பிட்டு, ‘எல்லாம் நம்மவர் முன்பே கண்டது’ என்று பெருமை பேசுவோர் உண்டு. அப்பெருமையில் நமக்கு உடன்பாடில்லை. தொல்காப்பியர் எழுதியது செய்யுளில் உள்ளத்து நிகழ்வு மெய்யின்கண் புலப்படும் முறைபற்றிய இலக்கணம். அவர் மக்களை அளக்கவில்லை, நோயையும் ஆராயவில்லை. காரணமற்ற சோர்வால் வாடுபவரை மெய்ப்பாட்டியல் கொண்டு குணப்படுத்த இயலாது. மேலும் இரு பட்டியல்களும் ஒன்றல்ல. புளுட்சிக்கின் அருவருப்பு அழுகிய பொருளைக் கண்டு முகஞ்சுளிப்பதில் தொடங்குவது. இளிவரலோ மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கின் வழியாகத் தோன்றும் தாழ்வுணர்வு. இதனை அதற்கு மொழிபெயர்ப்பாக்கினால் இரண்டையும் இழப்போம்.

தொல்காப்பியரின் உண்மையான சிறப்பு வேறிடத்தில் உள்ளது. அவர் எந்த மெய்ப்பாட்டையும் தனியே நிறுத்தவில்லை. ஒவ்வொன்றுக்கும் அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு தந்து, எட்டையும் முப்பத்திரண்டாக விரித்தார். அழுகைக்கு அவர் கூறும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவாவது பிறரால் இகழப்படுதல். இழவாவது உற்றாரையோ உடைமையையோ இழத்தல். அசைவாவது முன்னிருந்த நன்னிலை குலைந்து வருந்துதல். வறுமை வெளிப்படை. கழிமுகத்தில் இறாலும் நண்டும் செழித்த நாளைக் கண்டவர், இன்று அதே நீரில் சாம்பலும் எண்ணெயும் காண்பது அசைவு. அவரது துயரை இழவோடு ஒன்றாக்கி ‘காலம் ஆற்றும்’ என்பது பொருந்தாது. நிலை குலைந்தே கிடக்கையில் காலம் எதனை ஆற்றும்?

வெகுளிக்கு அவர் வைத்த நான்கும் நோக்கத்தக்கவை: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உடலுறுப்பைக் குறைத்தலும், குடியைக் கெடுத்தலும், அலைத்துத் துன்புறுத்தலும், உயிர்க்கேடும் சினத்தின் நிலைக்களன்கள். நான்கும் தீங்குகளே. சினத்தை அவர் குணக்கேடாகப் பட்டியலிடவில்லை. இழைக்கப்பட்ட கேட்டிற்கு உள்ளம் தரும் விடையாகவே வைத்தார். குடிகெட வந்ததைக் கண்டு எண்ணூரார் தெருவில் அமர்ந்தபோது கொண்ட வெகுளிக்கு இப்பட்டியலில் இடமுண்டு. எண் தாளிலோ அது பகைமை, எரிச்சல் என்னும் இரு கட்டங்களில் விழுந்து, நோய்க்குறிகளின் கூட்டுத்தொகையில் கலந்துவிடும்.

எட்டில் எதுவும் மற்றொன்றுக்கு எதிர்ப்புறமாக வைக்கப்படவில்லை என்பதும் கருதத்தக்கது. நகையும் அழுகையும் அடுத்தடுத்தே எண்ணப்படுகின்றன. இழவு வீட்டில் இரண்டும் கூடுவதற்கு அங்கே தடையில்லை. உரையாசிரியராகிய பேராசிரியர் அழுகையைத் தன்கண் தோன்றுவது, பிறன்கண் தோன்றுவது எனவும் பகுத்துக் காட்டுகிறார். பிறர் துன்பத்தை நிலைக்களனாகக் கொண்டு நம் கண்ணில் நீர் வருவதும் அழுகையே. எட்டுக்குப் புறம்பாக, மடிமை, கையாறு, இடுக்கண் முதலிய வேறு முப்பத்திரண்டையும் தொல்காப்பியர் கூறுதலின், தெளிவான நிலைக்களன் சுட்டப்படாத நிலைகளும் உண்டென்பதை அவர் அறியாதவரல்லர்.

5. பெத்தானியாவில் கண்ட சினம்

இவ்வாராய்ச்சி வேதவாசிப்பையும் தொடுகிறது. யோவான் 11ஆம் அதிகாரத்தில் மரியாளும் உடன்வந்தோரும் அழுவதைக் கண்ட இயேசுவின் உள்ளநிலையைக் குறிக்க நற்செய்தியாளர் ஆளும் கிரேக்க வினை வலிமையானது. குதிரையின் சீற்ற மூச்சுக்கும் வழங்கிய சொல் அது; மக்களைக் குறித்து வரும்போது கடுஞ்சினத்தின் சாயலுடையது. நம் பழைய திருப்புதல் அதனைக் கலக்கமும் துயரமுமாகத் தணித்துத் தருகிறது. சினத்தை ஆண்டவர்மேல் ஏற்றக் கூசியது காரணமாகலாம். அவ்வாறு தணித்தபோது, அழுதவரே சினந்தவர் என்னும் உண்மை நம் சபைகளின் செவியில் விழாமற்போயிற்று. அக்கல்லறையின் முன் கண்ணீரும் சினமும் ஓரிடத்தில் நிற்கின்றன; இரண்டுக்கும் நிலைக்களன் ஒன்றே. அவர் துயருற்றோரைத் தணியச் சொல்லி அனுப்பிவிடவில்லை. லாசருவை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டு அவ்விடத்துக்குச் சென்றார்.

6. பணிக்குரிய முடிவு

அளவைத் தாளை எறிந்துவிடுமாறு நாம் கூறவில்லை. ஒரே மனிதரை மாதந்தோறும் அளந்து வருவோர்க்கு அது நல்ல துணை. வெளியே அமைதியாகத் தோன்றுபவரின் உள்ளே ஊற்று அடைபட்டிருப்பதை அது காட்டிக்கொடுக்கக்கூடும். மருத்துவரிடம் அனுப்பும் வேளையை நமக்கு உணர்த்தக்கூடும். ஆனால் அது முதல் வினாவுக்கு மட்டுமே விடை தரும்.

ஆகவே மாணவர்க்கு மூன்றைச் சொல்லுவோம். தாளை நீட்டுமுன், நேர்ந்ததைச் சொல்லக் கேளுங்கள்; அவர் தம் சொல்லிலேயே சொல்லட்டும், வயிற்றெரிச்சல் என்றால் வயிற்றெரிச்சல் என்றே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, கேட்டதன் நிலைக்களன் யாது என்று ஆராயுங்கள்: இழவா, இளிவா, அசைவா, வறுமையா, அன்றி ஒன்றும் புலப்படாத சோர்வா? இறுதியாக, நிலைக்களன் வெளியே இருக்குமாயின், பணியும் வெளியே இருக்கிறது என்று அறியுங்கள். மனு எழுதுவதும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வாயிலில் மக்களோடு நிற்பதும் அப்போது ஆற்றுப்படுத்துதலின் பகுதிகளே.

மனநிலை வட்டத்தின் நடுவில் எதுவும் எழுதப்படவில்லை. இன்பமும் துன்பமும் கிளர்ச்சியும் சோர்வும் அற்ற இடம் அது. எண்ணூரின் மீனவரை அந்த வெற்றிடத்துக்குக் கொண்டுவந்து அமர்த்துவது நம் அழைப்பன்று. அவர் கழிமுகத்தில் மீண்டும் வலை வீசுமாறு நீர் தெளியும்வரை, அவருடைய அழுகைக்கும் வெகுளிக்கும் சபையில் இடமிருக்கவேண்டும்.